ஸ்மார்ட் கீ எடுபடவில்லையா, இன்னொன்று வேண்டுமா? பைக், ஸ்கூட்டர்காரர்களுக்கு அறிகுறி வாரியாக ஒரு வழிமுறை

சாவித் துளை இல்லாத இருசக்கர வண்டிகள் நம் ஊரிலும் சாதாரணமாகிவிட்டன. ஆக்டிவா 2023 ஜனவரியில் ஹெச்-ஸ்மார்ட் என்ற பெயரில் ஸ்மார்ட் கீயோடு வந்தது. 2024-இல் யமஹா ஏராக்ஸ் 155-இலும் அது சேர்ந்தது. ஹார்லி, பி.எம்.டபிள்யூ. மாதிரி பெரிய பைக்குகளில் அதற்கு முன்பே உண்டு. சாவி சட்டைப் பையில் இருந்தால் போதும், நாபை (சாவித் துளைக்குப் பதிலாக இருக்கும் திருகு குமிழை) அழுத்தித் திருகி வண்டியை எடுத்துவிடலாம். ஆனால் அது ஒரு நாள் எடுபடாமல் போனால், பழைய வண்டிக்குச் செய்ததுபோல முக்குக் கடையில் ஒரு டூப்ளிகேட் வெட்டி வாங்கிவிட முடியாது.

முக்கியமாக நான் சொல்ல வருவது ஒன்றுதான். இரண்டு சாவியில் ஒன்று தொலைந்தால், அந்த வாரமே இன்னொன்றுக்கு ஏற்பாடு செய்யுங்கள். ஒரு சாவி உயிரோடு இருக்கும்வரை இது ஒரு சாவியின் விலையோடு முடிகிற வேலை. அதுவும் போய்விட்டால், சாவியைச் சரிபார்க்கும் மின்னணுப் பெட்டியான வண்டியின் கன்ட்ரோல் யூனிட்டையே மாற்றும்படி ஆகலாம். அதே சமயம், காசு கொடுக்கும் முன் சாவி உண்மையிலேயே போய்விட்டதா என்று பார்த்துவிட வேண்டும். பல நேரம் போயிருப்பது சாவியல்ல, உள்ளே இருக்கும் பட்டன் செல், அதாவது காசு போன்ற சின்ன வட்ட பேட்டரி.

வண்டியும் சாவியும் எப்படிப் பேசிக்கொள்கின்றன என்று கொஞ்சம் தெரிந்தால் கோளாறு எங்கே என்று கண்டுபிடிப்பது எளிது. நாபை அழுத்தியதும் வண்டியில் உள்ள ஆன்டெனா, 125 கிலோஹெர்ட்ஸ் மாதிரியான தாழ்ந்த அலைவரிசையில் ஓர் அழைப்பு விடும். அது ஓரிரு மீட்டர்தான் எட்டும். அதைக் கேட்டு விழிக்கும் சாவி, 433 மெகாஹெர்ட்ஸை ஒட்டிய அலையில் பதில் அனுப்பும். வண்டி கேட்கும் கேள்வி ஒவ்வொரு முறையும் மாறும். தன்னுள் இருக்கும் ரகசிய எண்ணை வைத்துச் சாவி கணக்கிட்டுச் சொல்லும் பதில் பொருந்தினால்தான் பூட்டு விடும். அதனால்தான் இந்தச் சாவியை நகலெடுக்க முடிவதில்லை. புதுச் சாவி ஒவ்வொன்றையும் வண்டியில் பதிவு செய்தாக வேண்டும். ஆக, பேச்சு அறுந்துபோக நாலு இடங்கள்: சாவியின் செல், வண்டியின் பேட்டரி, இடையில் குறுக்கிடும் வேறு அலைகள், பதிவு. கீழே உள்ள அறிகுறிகளில் பெரும்பாலானவை இந்த நாலில் ஒன்றில்தான் போய் முடியும்.

முன்பெல்லாம் எட்ட நின்றாலே எடுக்கும், இப்போது ஒட்டிக் கொண்டுபோனால்தான் எடுக்கிறது

இது பட்டன் செல். பெரும்பாலான பைக், ஸ்கூட்டர் சாவிகளில் இருப்பது சி.ஆர். 2032. அந்த எண்ணிலேயே அளவு இருக்கிறது: 20 மில்லிமீட்டர் அகலம், 3.2 மில்லிமீட்டர் கனம். மின்னழுத்தம் 3 வோல்ட். கடையில் 2032 இல்லை என்று 2025 கொடுத்தால் வாங்காதீர்கள். அதன் கனம் 2.5 மில்லிமீட்டர்தான். சாவிக்குள் ஆடிக்கொண்டே கிடக்கும், ஒரு சமயம் எடுக்கும், ஒரு சமயம் எடுக்காது. அப்புறம் சாவியே கெட்டுவிட்டது என்று நினைத்துக்கொள்வீர்கள்.

மல்டிமீட்டர் வைத்துப் பார்த்தேன், 3 வோல்ட் காட்டுகிறதே என்று சிலர் கேட்பார்கள். சும்மா இருக்கும்போது காட்டும் அளவை நம்ப முடியாது. சாவி பதில் அனுப்பும் அந்தக் கண நேரத்தில் மின்னோட்டம் கூடும். பழைய செல்லாக இருந்தால் அப்போது அழுத்தம் சரிந்துவிடும். புது செல் சும்மா இருக்கையில் 3.2 வோல்ட்டுக்கு மேல் காட்டும். 3-க்குக் கீழே போய்விட்டால் யோசிக்காமல் மாற்றுங்கள். ஊட்டி, கொடைக்கானல் பக்கம் இருப்பவர்களுக்கு இன்னொரு அடையாளம் உண்டு. விடியற்காலைக் குளிரில் எடுக்காது, வெயில் ஏறியதும் எடுக்கும். குளிரில் செல்லின் உள்மின்தடை ஏறுவதுதான் காரணம்.

மாற்றும் விதம்: சாவியின் ஓரத்தில் நகம் நுழையும் அளவுக்கு ஒரு பள்ளம் இருக்கும். தட்டை ஸ்க்ரூடிரைவரின் முனையில் துணி சுற்றி அங்கே வைத்து மெதுவாகத் திருகினால் ஓடு இரண்டாகப் பிரியும். சில மாடல்களில் முதலில் ஒரு திருகைக் கழற்ற வேண்டும். செல்லை எடுக்கும் முன் பிளஸ் பக்கம் எந்தத் திசையில் இருக்கிறது என்று போனில் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். செல் உட்காரும் இடத்தில் சின்னத் தகட்டு நாக்குகள் இருக்கும். அவை படுத்துப்போயிருந்தால் மிக லேசாக நிமிர்த்துங்கள், அதிகம் வளைத்தால் ஒடிந்துவிடும். ஓட்டின் விளிம்பைச் சுற்றி ஓடும் மெல்லிய ரப்பர் வளையத்தை இருந்த இடத்திலேயே சரியாக வைத்து மூடுங்கள். மழைத்தண்ணீரைத் தடுப்பது அதுதான்.

புது செல் போட்டும் எடுக்கவில்லையா? செல்லின் மேல்பகுதியைப் பாருங்கள். குழந்தைகள் வாயில் போட்டால் துப்பிவிட வேண்டும் என்பதற்காகச் சில கம்பெனி செல்களின் மேல் கசப்புப் பூச்சு பூசியிருப்பார்கள். தகட்டு நாக்கு சரியாக அந்தப் பூச்சின்மேல் பட்டால் மின்தொடர்பு கிடைக்காது. ஸ்பிரிட் தொட்ட பஞ்சால் துடையுங்கள், இல்லை பூச்சு இல்லாத செல்லாக வாங்குங்கள்.

கழற்றிய பழைய செல்லை மேசையில் விட்டுவிடாதீர்கள். குழந்தை விழுங்கினால் அது உணவுக்குழாயில் சிக்கி இரண்டு மணி நேரத்துக்குள் புண்ணாக்கிவிடும். விழுங்கியதாகச் சந்தேகம் வந்தாலே நேராக ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும். வலி வரட்டும் என்று காத்திருக்கக் கூடாது.

செல் மாற்றினால் பதிவு அழிந்துவிடுமோ என்ற பயம் வேண்டாம். பதிவு செல்லை நம்பி இருப்பதில்லை.

நேற்றுவரை நன்றாக இருந்தது, இன்று சுத்தமாகச் செத்துக் கிடக்கிறது

ஹோண்டாவின் ஸ்மார்ட் கீ என்றால், செல்லைத் தொடும் முன் சாவி ஆன் நிலையில் இருக்கிறதா என்று பாருங்கள். ஆன்-ஆஃப் பட்டன் உள்ள சாவியில் அதைச் சற்று அழுத்திப் பிடித்தால் பச்சை விளக்கு அல்லது சிவப்பு விளக்கு எரியும். பச்சை என்றால் விழித்திருக்கிறது, சிவப்பு என்றால் அணைந்திருக்கிறது. ஜீன்ஸ் பையில் அழுந்தி அணைந்துபோவது சகஜம். எந்த விளக்குமே எரியவில்லை என்றால்தான் செல் பிரச்சினை.

இரண்டு சாவியுமே எடுபடவில்லை

இரண்டு சாவி ஒரே நாளில் கெடுவது அபூர்வம். வண்டியைப் பாருங்கள், குறிப்பாக 12 வோல்ட் பேட்டரியை. சாவியை அழைக்கும் ஆன்டெனா, ஹேண்டில் பூட்டு, சீட் திறப்பு எல்லாமே அதை நம்பித்தான் இருக்கின்றன. நன்றாக சார்ஜ் ஆன பேட்டரி, வண்டி ஓடாமல் நிற்கும்போது 12.7 வோல்ட் அளவில் காட்டும். 12.4-க்குக் கீழே வந்தால் பலவீனம். 12-ஐத் தொட்டுவிட்டால் அதிலிருந்து எதையும் எதிர்பார்க்க முடியாது. வாரக்கணக்கில் எடுக்காமல் நிறுத்தி வைத்த வண்டியில் இது அடிக்கடி நடக்கும்.

எங்கள் குடியிருப்பில் ஒருவருடைய ஸ்கூட்டருக்கு, கன்ட்ரோல் யூனிட் போய்விட்டது, மாற்றித்தான் ஆக வேண்டும் என்று ஓர் இடத்தில் சொல்லிவிட்டார்கள். பேட்டரிக்கு வெளியிலிருந்து சார்ஜ் கொடுத்ததும் இரண்டு சாவியும் பழையபடி வேலை செய்தன. அதனால் யாராவது "யூனிட் போச்சு" என்று சொன்னால், பேட்டரி வோல்ட்டேஜ் எவ்வளவு இருந்தது என்று கேளுங்கள். ஃபியூஸைப் பார்த்தார்களா என்றும் கேளுங்கள். இந்த இரண்டுக்கும் பதில் இல்லையென்றால் வண்டியை அங்கே விடாதீர்கள்.

பேட்டரி இறங்கிய வண்டியில் சீட்டும் திறக்காது. அதற்காகத்தான் பல மாடல்களில் அவசரத்துக்கு ஒரு சாதாரண இரும்புச் சாவி தருகிறார்கள். அதையும், அடையாள எண் பொறித்த ஐ.டி. டேக்கையும் சீட்டுக்கு அடியில் டிக்கியில் போட்டு வைத்திருப்பவர்கள் ஏராளம். தயவுசெய்து இன்றே எடுத்து வீட்டு பீரோவில் வையுங்கள்.

சில இடங்களில் மட்டும் எடுப்பதில்லை

வண்டி, சாவி இரண்டும் நன்றாகவே இருக்கின்றன. காற்றில்தான் இரைச்சல். செல்போன் கோபுரம், ஒலிபரப்பு நிலையம் பக்கத்தில் இது நடக்கலாம். ஆனால் அதைவிட அதிகமாகக் காரணமாவது நாமே சுமக்கும் பொருட்கள்தான். போனும் சாவியும் ஒரே பையில், பவர் பேங்க்கும் சாவியும் ஒரே பையில், லேப்டாப் பைக்குள் சாவி. சாவியைத் தனியாகக் கையில் எடுத்து நாபின் பக்கத்தில் பிடித்துப் பாருங்கள். உடனே எடுத்தால் விஷயம் முடிந்தது. ஹேண்டிலில் பிற்பாடு மாட்டிய மலிவான யு.எஸ்.பி. சார்ஜர், கூடுதல் எல்.இ.டி. விளக்குகள் இவற்றின் ஒயரைக் கழற்றிவிட்டும் ஒரு முறை சோதியுங்கள்.

சாவி நனைந்துவிட்டது, அல்லது வாஷிங் மெஷினுக்குள் போய்விட்டது

வேலை செய்கிறதா என்று பட்டனை அழுத்திப் பார்க்காதீர்கள். உடனே திறந்து செல்லை வெளியே எடுங்கள். ஈரமும் மின்சாரமும் சேர்ந்திருக்கும் ஒவ்வொரு நிமிடமும் செம்புத் தடங்கள் பச்சை பூக்கும். போர்டை ஐசோபுரோபைல் ஆல்கஹாலில் நனைத்த மென்மையான பிரஷ்ஷால் துலக்கி, ஃபேனுக்கு அடியில் ஒரு நாள் முழுக்கக் காயவிட்டு, புது செல் போடுங்கள். சென்னைக்காரர்களுக்கு ரிச்சி தெருவில் அந்த ஆல்கஹால் எளிதாகக் கிடைக்கும். அரிசி டப்பாவில் புதைத்து வைப்பதால் உப்பும் சோப்பும் போகாது.

எல்லா விளக்கும் எரிகிறது, இன்ஜின் மட்டும் பிடிக்கவில்லை, அல்லது பிடித்ததும் நின்றுவிடுகிறது

இது பெரும்பாலும் இரும்புச் சாவியும் இம்மொபிலைசரும் (சரியான சிப் இல்லாவிட்டால் இன்ஜினை ஓடவிடாத அமைப்பு) சேர்ந்து வரும் பைக்குகளில் நடப்பது. சாவியின் பிளாஸ்டிக் தலைக்குள் ஒரு சின்ன சிப் இருக்கிறது. அதற்கு செல் கிடையாது. சாவித் துளையைச் சுற்றியிருக்கும் சுருள்தான் அதற்கு மின்சாரம் கொடுத்துப் பேச வைக்கிறது. கடையில் வெட்டிய டூப்ளிகேட்டில் சிப் இல்லையென்றால் பூட்டு திரும்பும், இன்ஜின் ஓடாது.

இன்னொன்று, தேய்ந்த சாவிக்குப் புது ஓடு வாங்கி மாற்றும்போது நடப்பது. சில சாவிகளில் அந்த சிப் போர்டோடு சேர்ந்திருக்காது. அரிசி அளவிலான கண்ணாடிக் குப்பியாகவோ, கறுப்புக் கட்டியாகவோ ஓட்டின் ஒரு மூலையில் ஒட்டியிருக்கும். போர்டை மட்டும் மாற்றிவிட்டுப் பழைய ஓட்டைக் குப்பையில் போட்டால் சிப்பும் அதோடு போய்விடும். பழைய ஓட்டை வெளிச்சத்தில் பிடித்து மூலை மூலையாகப் பார்த்த பிறகே தூக்கிப் போடுங்கள்.

இரண்டு இம்மொபிலைசர் சாவிகளை ஒரே வளையத்தில் மாட்டியிருந்தாலும் இதே கோளாறு வரும். இரண்டு சிப்பும் ஒரே நேரத்தில் பதில் சொல்ல, வண்டி எதையும் ஏற்காது. தனியாகப் பிரித்து மறுபடி முயன்று பாருங்கள்.

ஆன்லைனில் வாங்கிய சாவி பதிவாகவில்லை

பார்க்க அச்சு அசலாக இருக்கும், உள்ளே வேறாக இருக்கும். அமெரிக்கா, ஜப்பான் சந்தைக்கு வரும் சாவிகளில் பல 315 மெகாஹெர்ட்ஸில் பேசுபவை. நம் வண்டிகள் பெரும்பாலும் 433-ஐக் கேட்பவை. எத்தனை முறை முயன்றாலும் ஒன்றையொன்று கேட்காது. இரண்டாவது, ஏற்கெனவே வேறு வண்டியில் பதிவான பழைய சாவி. சில வகை சிப்புகள் ஒரு முறை பதிவானதும் நிரந்தரமாகப் பூட்டிக்கொள்ளும், புது வண்டிக்கு அவை பயன்படாது. சென்னை புதுப்பேட்டையின் பழைய உதிரிபாகக் கடைகளில் கழற்றிய வண்டியின் சாவி மலிவாகக் கிடைத்தாலும், அதே வண்டியின் கன்ட்ரோல் யூனிட்டும் சேர்ந்து வராத வரை அது வெறும் பிளாஸ்டிக்தான்.

சாவியின் மேல் ஓடு மட்டும் வேண்டுமானால் வெளியில் வாங்கலாம். சாவியை சேசிஸ் எண் கொடுத்து, பார்ட் நம்பர் உறுதிப்படுத்தி, கம்பெனி உதிரிபாகமாக வாங்குங்கள். வாங்குவதற்கு முன்பே, பதிவு செய்யப்போகும் இடத்தில் வெளியில் வாங்கிய சாவியை ஏற்பார்களா என்று கேட்டுவிடுங்கள். பல இடங்களில் ஏற்பதில்லை.

ஒன்று தொலைந்துவிட்டது, ஒன்று கையில் இருக்கிறது

இந்த இடத்தில் அவசரம் காட்டுவது நல்லது. ஆனால் ஷோரூமில் நேரே போய் நிற்க வேண்டாம், முதலில் போனில் கேளுங்கள், சாவி ஸ்டாக்கில் இருப்பது அபூர்வம். ஆர்டர் போட்டுவிட்டு, வந்தது என்று சொன்ன பிறகு வண்டியோடு போங்கள். பதிவு என்பது வண்டியும் சாவியும் நேருக்கு நேர் இருந்தால்தான் நடக்கும்.

கையில் இருக்க வேண்டியவை: ஆர்.சி., உங்கள் அடையாள அட்டை, மீதமுள்ள எல்லாச் சாவிகளும், வண்டியோடு வந்த ஐ.டி. டேக் அல்லது எண் அட்டை. "எல்லாச் சாவிகளும்" என்பதைக் கவனியுங்கள். பல வண்டிகளில் புதுச் சாவியைப் பதியும்போது பழைய பட்டியல் மொத்தமாக அழிந்து, அந்த நேரத்தில் முன்னால் இருப்பவை மட்டுமே திரும்பப் பதிவாகும். வீட்டில் விட்டுவந்த சாவி அத்தோடு செல்லாததாகிவிடும். நமக்கு இதில் ஒரு நன்மையும் இருக்கிறது. தொலைந்த சாவி யார் கையில் கிடைத்திருந்தாலும் இனி அது வண்டியை எடுக்காது. வேலை முடிந்ததும், "தொலைந்த சாவியை நீக்கிவிட்டீர்களா?" என்று வாய்விட்டுக் கேளுங்கள். கேட்காவிட்டால் சில இடங்களில் புதியதைச் சேர்த்துவிட்டு அனுப்பிவிடுவார்கள்.

கம்பெனிக்குக் கம்பெனி வழக்கம் மாறும். யமஹாவின் இம்மொபிலைசர் பைக்குகள் பலவற்றில் சிவப்புத் தலை கொண்ட ஒரு சாவியும் கறுப்புத் தலை கொண்ட இரண்டும் வரும். சிவப்பு அன்றாடம் ஓட்டுவதற்கல்ல. மற்ற சாவிகளைப் பதிய அது மட்டுமே உதவும். அது இல்லாமல் புதுச் சாவி பதிய முடியாது. செகண்ட் ஹேண்டில் இப்படி ஒரு பைக் வாங்கப் போகிறீர்கள் என்றால், டயரைப் பார்ப்பதற்கு முன் சிவப்புச் சாவியைக் கேளுங்கள். ஹார்லியில் சாவி எடுபடாவிட்டால் இண்டிகேட்டர் பட்டன்களை அழுத்தி ஐந்து இலக்க பின் எண்ணை உள்ளிட்டு வண்டியை விடுவிக்கலாம். அந்த எண்ணை முன்பே அமைத்து, வண்டியில் இல்லாமல் வேறிடத்தில் எழுதி வைத்திருக்க வேண்டும். பி.எம்.டபிள்யூ.வின் சாவியில்லா பைக்குகளில், செல் தீர்ந்தாலும் மேனுவலில் குறித்திருக்கும் ஆன்டெனா இடத்தில் சாவியை ஒட்டிப் பிடித்தால் வண்டி ஏற்றுக்கொள்ளும்.

இன்சூரன்ஸையும் மறக்காதீர்கள். வண்டி திருடுபோய் க்ளெய்ம் கேட்டால், இரண்டு ஒரிஜினல் சாவியையும் ஒப்படைக்கும்படி பொதுவாகக் கேட்பார்கள். ஒன்றுதான் இருக்கிறது என்றால், சாவியை வண்டியிலேயே விட்டிருந்தீர்களோ என்ற கேள்வி வரும். அதனால் தொலைந்த உடனே காவல் நிலையத்தில் எழுத்தில் புகார் கொடுத்து ஒப்புகை வாங்குங்கள். இன்சூரன்ஸ் கம்பெனிக்கும் ஈமெயிலில் தெரிவியுங்கள். புதுச் சாவி வாங்கிய பில்லை அதோடு சேர்த்து வையுங்கள். சாவி மாற்றும் செலவை ஏற்கும் கூடுதல் கவர் சில பாலிசிகளில் உண்டு, உங்களுடையதில் இருக்கிறதா என்று ஒரு முறை புரட்டிப் பாருங்கள்.

ஓடிக்கொண்டிருக்கும்போது சாவி விழுந்துவிட்டது

வண்டி நடுரோட்டில் நிற்காது. பாதுகாப்புக்காக அப்படித்தான் அமைத்திருக்கிறார்கள். எச்சரிக்கை விளக்கு மட்டும் வரும். ஆனால் அணைத்துவிட்டால் மறுபடி கிளம்பாது. விளக்கைக் கண்டால் பெட்ரோல் பங்கில் அணைத்துவிட்டு நிற்காதீர்கள், இன்னொரு சாவி இருக்கும் இடம்வரை போய்விடுங்கள். வீட்டில் ஒருவர் வாசலில் வண்டியை ஸ்டார்ட் செய்துவிட்டு, சாவியைத் தன் பையிலேயே வைத்துக்கொண்டு, வண்டியை இன்னொருவரிடம் கொடுத்தனுப்புவதும் இதே கதைதான்.

எல்லாச் சாவியும் போய்விட்டது

முதல் வேலை, பூட்டை உடைக்காமல் இருப்பது. ஹேண்டில் பூட்டை நெம்பினால் சாவிச் செலவோடு பூட்டுச் செலவும் சேரும். உடைத்தாலும் இன்ஜின் ஓடப்போவதில்லை.

அடுத்து, ஐ.டி. டேக்கைத் தேடுங்கள். ஹோண்டாவின் ஸ்மார்ட் கீ வண்டிகளுக்கு அதுதான் உயிர்நாடி. அந்த எண் இருந்தால், சாவி இல்லாமலே வண்டியை அவசரமாக இயக்கும் முறை மேனுவலில் இருக்கும். புதுச் சாவியைப் பதிவதற்கும் அதுவே வழி. யமஹாவின் ஸ்மார்ட் கீ வண்டிகளிலும் நாபை அழுத்தி அடையாள எண்ணை உள்ளிடும் அவசர முறை உண்டு. வண்டி வாங்கிய அன்று கொடுத்த உறை, பைல், மேனுவல் எல்லாவற்றையும் உதறிப் பாருங்கள்.

சாவியும் இல்லை, எண்ணும் இல்லை என்றால் கன்ட்ரோல் யூனிட்டை மாற்றுவதுதான் அதிகாரபூர்வ வழி. வண்டியைத் தள்ளிக்கொண்டு போக முடியாது, ஹேண்டில் பூட்டியிருக்கும். வேனில் ஏற்றித்தான் கொண்டுபோக வேண்டும். யூனிட்டைக் கழற்றி, அதன் நினைவகத்தைப் படித்து, புதுச் சாவியை எழுதித் தருகிறோம் என்று சொல்லும் கைதேர்ந்த சாவிக்காரர்கள் பெரிய ஊர்களில் இருக்கிறார்கள். சிலர் உண்மையிலேயே செய்துகாட்டுவார்கள். ஆனால் ஒரு தவறான எழுத்து யூனிட்டைக் கொன்றுவிடும், வாரண்டியும் போகும். அவர்களிடம் போவதாக இருந்தால், உங்கள் மாடலில் முன்பு செய்திருக்கிறார்களா, வேலை கெட்டால் யூனிட்டுக்கு யார் பொறுப்பு என்ற இரண்டையும் பேசி முடித்த பிறகே வண்டியைத் தொட விடுங்கள்.

ஷோரூமில் மதிப்பீடு வாங்கும்போது மொத்தத் தொகையாக வாங்காதீர்கள். யூனிட் எவ்வளவு, சாவி ஒன்றுக்கு எவ்வளவு, பதிவுக் கூலி எவ்வளவு, பூட்டு செட் உண்மையிலேயே வேண்டுமா என்று தனித்தனியாக எழுதித் தரச் சொல்லுங்கள். புது யூனிட் போடும்போதே இரண்டு சாவியாகப் பதிந்துகொள்ளுங்கள். அன்று ஒன்றோடு நிறுத்தினால், இரண்டாவதற்காக வண்டியை இன்னொரு நாள் விட்டு, பதிவுக் கூலியை மறுபடியும் கொடுக்க வேண்டிவரும். புது யூனிட்டுக்கான ஐ.டி. டேக் வந்தால் அதைக் கேட்டு வாங்கிக்கொண்டு, எண் தெளிவாகத் தெரிகிறதா என்று அங்கேயே சரிபாருங்கள்.